இறந்தவரையே கூப்பிட்டுக் கேள்

மட்டாஞ்சேரியில் காந்திமதி என்ற பெயரைச் சொல்லித் தேடினால் என் வீடு கிடைக்காது. 'சரமம் சேச்சி' என்று கேட்டால் மீன்காரர்கூட வழி காட்டுவார். சரமம் என்பது மலையாளப் பத்திரிகையில் இறந்தவர்களின் செய்தி வருகிற பக்கம். வேலை பார்த்த காலம் முழுவதையும் அந்தப் பக்கத்தில்தான் கழித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பட்டம் போகவில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கே பெரிய மனிதர் செத்தால் செய்தி, மற்றவர்கள் செத்தால் விளம்பரம். இங்கே செருப்புத் தைக்கிறவர் செத்தாலும் செய்திதான். காசு வாங்காமல் படத்தோடு போடுவார்கள். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் பிரிக்கிற பக்கமும் அதுதான். முதலமைச்சர் சொன்னதைச் சாயங்காலம் படித்துக்கொள்ளலாம். யார் போனார்கள் என்பதை உடனே தெரிந்துகொண்டால்தானே எடுப்பதற்குள் போய் முகம் காட்ட முடியும்?

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் சாவுச் செய்தி எப்படி வந்துசேரும் என்று கேட்டார்கள். போன் பண்ணிச் சொல்லுவார்கள் என்றேன். கற்காலத்தைக் கண்டது போல என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் மட்டாஞ்சேரிக்கு எப்போது வந்தது என்பது எங்களுக்கே தெரியாது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். டைப்ரைட்டிங் படித்துவிட்டுப் பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்தேன். சரமப் பக்கத்தில் அதற்கு முன் இருந்தவர், நாள் முழுவதும் சாவைக் கேட்டுவிட்டுச் சோறு இறங்கவில்லை என்று மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். எனக்குச் சோறு நன்றாகவே இறங்கியது. அதுதான் என் தகுதி.

பக்கத்துக்குப் பொறுப்பாளர் லோனப்பன் சார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. குரலை உயர்த்தியதே கிடையாது. செத்தவர், காலமானவர் என்றெல்லாம் சொல்ல மாட்டார், 'நம்ம ஆள்' என்பார். "நம்ம ஆளுக்கு என்ன வயசு? நம்ம ஆளுக்கு எத்தனை மருமக்கள்?" என்னிடம் தமிழில்தான் பேசுவார். தமக்குத் தமிழ் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. நானும் அதைக் கலைக்கவில்லை.

எங்கள் பேப்பர் ஏஜென்டுகள் போனில் விவரம் சொல்லுவார்கள். வீட்டுப் பெயர், வயது, மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், மருமக்கள், எடுக்கிற நேரம். இதில் வயதில் தப்பு வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். துபாயில் இருக்கும் மகன் பேருக்குப் பக்கத்தில் துபாய் என்று போடாவிட்டால் மறுநாள் அலுவலக வாசலில் ஆள் நிற்கும்.

எழுதியதும் அச்சுக்குப் போகாது. அங்கேதான் சாருடைய முறை வரும். இறந்தவர் வீட்டு நம்பருக்குப் போன் போட்டு, இறந்தவரையே கூப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும். "குமாரன் இருக்காரா?" அந்தப் பக்கம் சத்தம் நின்று போய், யாராவது அழத் தொடங்கினால், பத்திரிகை பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு செய்தியை உள்ளே அனுப்பலாம். "குளிக்கிறார், யார் பேசறது?" என்றால் அவர் குளித்து முடிக்கட்டும் என்று வைத்துவிட வேண்டும்.

இது கொடுமை இல்லையா என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். சார் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"செத்த வீட்டில கொஞ்சம் கூட அழுவாங்க, அது எப்படியும் அழற வீடுதான். உயிரோட இருக்கற ஆளை நாம அச்சுல இறக்கிட்டா, பின்னே யாரு மேல தூக்குறது?"

அந்த முறையில் நான் பிடித்தவை பல. வீட்டுக்காரர் மேல் கோபத்தில் அவரைச் சாகடித்த வாடகைக்காரர் ஒருவர். மாமியாரை முன்கூட்டியே அனுப்பிவைத்த மருமகன் ஒருவர். அந்த மாமியாரே போனை எடுத்து, தாம் இன்னும் இருப்பதாகவும், அது எந்த மருமகன் என்பதைக் கண்டுபிடிக்கத் தமக்கு உதவி தேவையில்லை என்றும் சொன்னார்.

இந்த வேலைக்கு என்று சில தொந்தரவுகள் உண்டு. நோயாளியைப் பார்க்கப் போனால், என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் எனக்குத் தனி இலை போட்டுச் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள். வேறு சிலர் தெருவில் நிறுத்தி, நாள் வரும்போது போடுவதற்குப் படம் கொடுத்துவைப்பார்கள். பஜார் ரோட்டில் ஒரு கணக்குப்பிள்ளை தம் கல்யாணப் படத்தைக் கொடுத்தார், அடர்ந்த மீசையும் சுருட்டை முடியுமாக. இதைப் போட்டால் செத்தது யாரென்றே யாருக்கும் தெரியாதே என்றேன். தெரியாவிட்டால் பரவாயில்லை, அழகாக இருந்தால் போதும் என்றார்.

என்னை இன்றும் உறுத்துகிற விஷயம் ஒன்றுதான். ஆறுமுகம் அண்ணன் விஷயம்.

ஆறுமுகம் அண்ணனும் தம்பி நடராஜனும் சேர்ந்து பஜார் ரோட்டில் சுக்கு மண்டி வைத்திருந்தார்கள். எங்களைப் போலத் தமிழ்க் குடும்பம். அண்ணன் பிரிந்து அதே ரோட்டில் எதிர்க்கடை போட்டார். தம்பியால் அதைத் தாங்க முடியவில்லை. அம்மா வள்ளியம்மை தம்பி வீட்டில் இருந்தார், அங்கேயே இறந்தார். சரமச் செய்தி கொடுத்தது நடராஜன். மறுநாள் பேப்பரில் 'மகன்: நடராஜன்' என்று மட்டும் வந்தது.

நாங்கள் அந்த வீட்டுக்கும் போன் போட்டோம். வள்ளியம்மை இருக்காங்களா என்று கேட்டோம், அழுதார்கள், செய்தியை அனுப்பினோம். செத்தவர் செத்தது உண்மைதானா என்று கண்டுபிடிக்க எங்களிடம் முறை இருந்தது. பிள்ளைகளில் யாரை விட்டார்கள் என்று கண்டுபிடிக்க முறை இல்லை.

ஆறுமுகம் அண்ணன் அன்று காலை அலுவலகத்துக்கு வந்தார். முந்தின நாள் பாடை தூக்கிய தோளில் துண்டு இருந்தது. கத்தவில்லை. பேப்பரை மேஜைமேல் விரித்து, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

லோனப்பன் சார் அவரை உட்கார வைத்தார். சாயா வரவழைத்தார். திருத்தம் போடுவதில்லை என்பது நிர்வாகத்தின் முடிவு. ஒன்றைத் திருத்தினால் கேரளத்தில் உள்ள எல்லாக் குடும்பச் சண்டையையும் திருத்த வேண்டியிருக்கும். ஆகையால் நாற்பத்தொன்றாம் நாள் நினைவு விளம்பரம் கொடுக்கலாம், அதில் அண்ணன் பேர் முதலில் வரும், கட்டணத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று சார் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"காசு குடுத்து நான் மகன் ஆகணுமா சாரே?"

சார் என்னைக் காகிதம் எடுக்கச் சொன்னார். வள்ளியம்மை அன்றுதான் இறந்தது போல, முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நம்ம ஆள் பேர் என்ன, வயது என்ன, மக்கள் யார் யார். அண்ணனும் ஒவ்வொன்றாகச் சொன்னார். சார் அதை அச்சுக்கோக்கும் இடத்துக்குத் தாமே எடுத்துக்கொண்டு போனார். அதே எழுத்தில், அதே கோட்டுக்குள், 'மக்கள்: ஆறுமுகம், நடராஜன்' என்று ஒரே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். மை ஈரமாக இருந்தது. அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அண்ணன் அதை வாங்கிப் படித்தார். பிறகு மேஜைமேலேயே வைத்தார்.

"நல்லா இருக்கு சாரே. ஆனா ஊரு படிக்காத பேப்பர் எனக்கு எதுக்கு?"

அவர் போன பிறகு சார், அன்று முழுவதும் வந்த செய்திகளில் பிள்ளைகளின் பேரை இரண்டு தடவை கேட்கச் சொன்னார். அண்ணன் தம்பி பேச்சு அத்தோடு நின்றது. நடராஜன் திருப்பூணித்துறைக்குக் குடிபோனார். அண்ணனின் மனைவி இறந்தபோது கேட் வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். ஏனென்றால் ஆறுமுகம் அண்ணன் வீடு எங்கள் லேனில்தான்.

இப்போது இந்தக் காலத்துக்கு வருகிறேன். எங்கள் லேனின் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலையில் ரோஜாப்பூ வரும். அதன் பின்னால் வெந்தயத் தண்ணீர் எந்த நோயையெல்லாம் தீர்க்கும் என்பது வரும். மழை பெய்தால், கலெக்டர் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதாக எந்த வருஷத்துச் செய்தியோ வரும். பிள்ளைகள் உடனே நம்புவார்கள். அசோசியேஷன் செக்ரட்டரி எழுதுகிற நீண்ட அறிவிப்புகளும் வரும். அவற்றை யாரும் படிப்பதில்லை. நானும்தான்.

மழைக்காலத்தில் ஒரு நாள் செக்ரட்டரி அப்படி ஒன்றை எழுதினார். வேலியேற்றத்தில் ஏறிய கடல்தண்ணீர் அசோசியேஷன் ஹாலுக்குள் வந்துவிட்டதால், வருடாந்தரப் பொதுக்கூட்டம் ஆறுமுகம் அண்ணன் வீட்டு முற்றத்தில் நடக்கும் என்பது விஷயம். அது எட்டாவது பத்தியில் இருந்தது. மறுநாள் மத்தியானம் அண்ணன் வீட்டு முற்றத்தில் நீலப் படுதா கட்டினார்கள். சிவப்பு நாற்காலிகள் வந்து இறங்கின.

எங்கள் ஊரில் வீட்டு வாசலில் படுதாவும் வாடகை நாற்காலியும் வந்தால் இரண்டே காரணம்தான். கல்யாணம், இல்லையென்றால் சாவு. அண்ணன் தனியாக இருக்கிறார், ஒரே மகள் பஹ்ரைனில். அந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஆள் இல்லை.

எதிர் மாடி லிஸி, படுதாவைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, என்ன விவரம் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அடுத்தவர், நானும் பார்த்தேன், பாவம் என்று எழுதினார். அதற்கடுத்தவர் ஆதராஞ்சலிகள் என்றார். பிறகு கேட்கவே வேண்டாம். ஒருவர் அட்டாக் என்றார். ஒருவர் தூக்கத்தில் என்றார். நேற்றுத்தான் என்னிடம் சிரித்துப் பேசினார் என்று ஒருவர் எழுதினார். அண்ணன் யாரிடமும் சிரித்துப் பேசுகிறவர் அல்ல, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கடைசியில் ஒருவர் ஐந்து மணிக்கு எடுக்கிறார்கள் என்று நேரமும் குறித்துவிட்டார்.

என் கை பழைய வேலையைத்தான் செய்தது. அவருடைய நம்பருக்குப் போன் போட்டேன்.

"ஆறுமுகம் அண்ணன் இருக்காரா?"

"இருக்கேன். இந்த மழையில எங்க போறது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் குழுவில் வந்ததையெல்லாம் வரிசையாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். தங்கமான மனிதர் என்று எழுதியது யார் என்று கேட்டார். ஓடைத் தண்ணீர் விஷயமாக அவர்மேல் முனிசிபாலிட்டியில் புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர்தான் என்றேன். நான் இருக்கேன்னு தெரிஞ்சா அவன் மனசு உடைஞ்சிருவான் கேட்டியா என்றார்.

நான் குழுவில் மறுப்புப் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் போனில் இன்னொரு அழைப்பு வந்தது. நடராஜன். குழுவில் வந்தது அதற்குள் திருப்பூணித்துறை வரை போயிருந்தது. ஊரில் யார் செத்தாலும் இன்னும் எனக்குத்தானே முதலில் போன் போடுகிறார்கள். அண்ணனிடம் சொன்னேன்.

"எடு. என்ன சொல்றான்னு கேளு. நான் செத்ததை நீ மாத்திச் சொல்லாதே."

அது பாவம் அண்ணா என்றேன்.

"பாவம் என்கிட்ட இருக்கட்டும். நான் செத்தா அவன் என் பேரை எப்படிப் போடுவான்னு எனக்குத் தெரியணும் காந்திமதி. நெஜமாச் செத்தப்புறம் எனக்கு யாரு வந்து சொல்லுவா?"

ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். முதலில் பஹ்ரைனுக்குப் போன் போட்டு, தாம் சாகவில்லை என்று மகளிடம் சொல்லிவிட வேண்டும். சரி என்றார். நான் நடராஜனின் அழைப்பை எடுத்தேன்.

நடராஜனிடம் முதலில், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவருக்கும் வயதாகிவிட்டது, அந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது. மகன் இருக்கிறான், காரில் கிளம்புகிறோம் என்றார். பிறகு, பேப்பரில் போட வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதிக்கொண்டேன். அண்ணன் இறந்துவிட்டார் என்றும் நான் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிச் செய்தி சொல்வது எங்கள் பக்கத்தின் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

"மட்டாஞ்சேரி, காலஞ்சென்ற வள்ளியம்மையின்..." என்று தொடங்கி நிறுத்தினார். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"மூத்த மகன்னு போடுங்க. அது முதல்ல வரணும். என் பேரு கடைசியில போதும்."

திரும்பப் படித்துக் காட்டினேன். சரி என்றார். பேப்பருக்கு இப்போது கொடுக்க வேண்டாம், வந்து முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று சொல்லிவைத்தேன். ஆனால் அவர் சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்த மகன் அதைப் போனில் தட்டிக் குடும்பக் குழுவிலும் பஜார் வியாபாரிகள் குழுவிலும் போட்டுவிட்டிருந்தான். லோனப்பன் சார் இருந்திருந்தால் கிராம்பை விழுங்கியிருப்பார்.

நான் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செக்ரட்டரி இரண்டு பை நிறையப் பழம்பொரியோடு, அதாவது வாழைப்பழ பஜ்ஜியோடு, வந்து சேர்ந்தார். வழியில் போன் சார்ஜ் தீர்ந்து போனதால் அவருக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக அண்ணனைப் பார்த்துத் திடுக்கிட்டு, வேறு வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அசோசியேஷன் சரித்திரத்தில் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ஓடைப் புகார்க்காரரும் வெள்ளை வேட்டியில் வந்தார். அண்ணன் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, தங்கமான மனிதன் என்று எழுதியதற்கு நன்றி சொன்னார். செக்ரட்டரி அங்கேயே ஒரு போனை வாங்கி, பத்துப் பத்தியில் மறுப்பு எழுதிப் போட்டார். அதனால்தான் இருட்டும்வரை ஆட்கள் துக்கத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

நான் என் போனை அண்ணனிடம் நீட்டினேன். வியாபாரிகள் குழுவிலிருந்து நடராஜன் சொன்ன செய்தி எனக்கும் திரும்பி வந்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார்.

"இதை எத்தனை பேரு படிச்சிருப்பாங்க?"

"பஜார் ரோடு முழுக்கப் படிச்சாச்சு அண்ணா. ஏலூர்லேருந்துகூட எனக்குக் கேட்டு வந்துட்டுது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நடராஜனின் கார் லேனுக்குள் வர முடியாமல் முக்கிலேயே நின்றது. முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்தார். கையில் ஒரு ரீத்து, அதுதான் மலர் வளையம், நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னால் மகன் குடை பிடித்தபடி. படுதாவுக்குள் நுழைந்ததும் அண்ணனைப் பார்த்துவிட்டார்.

அந்த நேரத்தில் எனக்கு உண்டான பயத்தைச் சொல்லி முடியாது. திரும்பிப் போய்விடுவாரா, விழுந்துவிடுவாரா, எதுவானாலும் பொறுப்பு என்னுடையது. கூட்டம் முழுவதும் வாயில் பழம்பொரியோடு நின்றுவிட்டது.

"ஒரு காரியமாவது ஒழுங்கா முடிச்சிருக்கியா நீ?" என்றார் நடராஜன். அண்ணனிடம் அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

"மழை பெய்யுதில்ல? தள்ளிப் போட்டிருக்கு. உக்காரு."

நடராஜன் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாத செக்ரட்டரி அவர் கையிலும் ஒரு பழம்பொரியைக் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டே அழுதார். அண்ணன் அவரைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு, ஓடைத் தண்ணீர் விஷயத்தில் தம் கருத்தைக் கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னார்.

கிளம்பும்போது நடராஜன் ரீத்தைத் திரும்ப எடுக்கப் போனார். உயிரோடு இருப்பவர் வீட்டில் அதை வைக்கக் கூடாது என்றார். அதன் ரிப்பனில் 'அண்ணனுக்கு' என்று எழுதியிருந்தது. அண்ணன் விடவில்லை. அது எனக்கு வந்தது என்று வாங்கி, வாசல் கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டார்.

இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. பூவெல்லாம் உதிர்ந்து வெறும் வைக்கோல் வளையமும் ரிப்பனும்தான் மிச்சம். புதிதாகக் குடிவருகிறவர்கள் அதைப் பார்த்துப் பதறிக் குழுவில் கேட்கிறார்கள். நடராஜன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். வரும்போதெல்லாம் அந்த அசிங்கத்தைக் கழற்றிப் போடு என்கிறார். அண்ணன் ஒவ்வொரு தடவையும் சொல்வது ஒன்றுதான்.

"இருக்கட்டும்டா. நான் போறப்போ நீ புதுசா எதுவும் எழுத வேண்டாம். இதையே எடுத்து என் மேல வெச்சிரு."

தம்பி சாயாக் குவளையைக் கழுவி வைத்துவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போகிறார்.